போட்டிக்கு ஆள் விட்டும் நகராத பேண்ட்: உங்களுக்கும் நடந்ததா?

ஜெல்பித்து:
ஒரு மருந்து செல்லில் எந்தப் புரதத்தில் போய் உட்காருகிறது என்று தேடுகிறேன். அதற்கு ஒரு ப்ரோப்: ஒளி பட்டால் பக்கத்துப் புரதத்தைப் பிடிக்கும் டயசிரினும், பிறகு சாயம் மாட்டக் கொக்கியாக அல்கைனும் வைத்த அதே மருந்து. உயிருள்ள செல்லில் போட்டு, 365 நானோமீட்டர் ஒளி காட்டி, கிளிக் வினையில் அந்த அல்கைனில் ரோடமின் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றி, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டியாயிற்று. ஸ்கேன் வந்தது. 30 கிலோடால்டன் எடைப் பக்கம் ஒரு பேண்ட் (சாயம் ஏறிய புரதத்தின் கோடு), கண்ணைப் பறித்தது. ஒளி காட்டாத மாதிரி ஓடிய லேனில் சுத்தமாக ஒன்றுமில்லை. பின்னால் நின்றவர் முதுகில் தட்டிக்கூட விட்டார். அப்புறம்தான் பக்கத்து லேனைப் பார்த்தேன். டயசிரின் இல்லாத மூல மருந்தைப் பல மடங்கு கூடுதலாகப் போட்ட லேன் அது. உண்மையான இலக்கு என்றால் மூல மருந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு பேண்ட் மங்கியிருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் அதே பேண்ட், துளிகூட மங்கவில்லை. நிறையை அளந்து புரதத்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் சொன்ன பெயர்: விடாக் (VDAC) என்ற சவ்வுக் கால்வாய்ப் புரதம்.

கார்பீன்தாசன்:
விடாக்கா! அழைக்காத விருந்தாளி. எங்களுக்கும் வந்தது, அடுத்த ப்ரோபிலும் வந்தது. மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் அது கொட்டிக் கிடக்கிறது, வராமல் என்ன செய்யும்? நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அல்கைல் டயசிரினில் ஒளி பட்டால் எல்லாமே நேராகக் கார்பீன் (பக்கத்தில் இருப்பதை உடனே பிடிக்கும் துடிப்பான கார்பன்) ஆகிவிடாது. ஒரு பகுதி நேர்கோட்டு டயசோ என்ற இன்னொரு வடிவமாக மாறும். கார்பீனுக்கு ஆயுள் நானோநொடிக் கணக்கு, கிடைத்ததைப் பிடிக்கும், இல்லையென்றால் தண்ணீரிடம் போய்விடும். டயசோ அப்படியல்ல, நிதானமாக அலைந்து புரதத்தில் உள்ள குளுட்டமேட், ஆஸ்பார்ட்டேட் போன்ற அமினோ அமிலங்களின் அமிலப் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மருந்துப் பகுதியை வெட்டிவிட்டு, டயசிரினும் அல்கைனும் மட்டும் உள்ள சின்ன மூலக்கூறைத் தனி லேனில் ஓட்டுங்கள். அதிலும் வருகிற பேண்டை எல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஒளி இல்லாத லேன் சுத்தமாக இருந்ததை வைத்து மட்டும் முதுகில் தட்டக் கூடாது.

பென்சோகட்சி:
டயசிரின் சிறியது, அதனால் நல்லது என்று எல்லாரும் ஒரே பாட்டு. ஒளி பட்டால் இதே வேலையைச் செய்யும் பென்சோபீனோன் பருமன்தான், ஒளியும் அதிக நேரம் காட்ட வேண்டும். ஆனால் பிடிக்க ஆள் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி ஒளி வாங்கி, மறுபடி முயலும். ஆம்பர் கோடான் (செயற்கை அமினோ அமிலத்தை நுழைக்கப் பயன்படும் மரபணு நிறுத்தக் குறி) வழியாகப் புரதத்துக்குள்ளேயே அதை வைத்தோம். வெஸ்டர்னில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் சோதனை) மேலே ஒரு பேண்ட், அந்தப் புரதமும் அதன் கூட்டாளிப் புரதமும் கோத்துக்கொண்ட எடையில். பென்சோபீனோனைப் பக்கத்து அமினோ அமிலத்தின் இடத்துக்கு நகர்த்தினோம், பேண்ட் காணோம்! அந்த வெற்று லேன்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தனை கறாராக உங்கள் கார்பீன் பதில் சொல்லுமா?

கார்பீன்தாசன்:
அது நீங்கள் கட்டிய புரதம். ஜெல்பித்து தேடுவது, மருந்து எங்கே போய் உட்காருகிறது என்று. இரண்டும் ஒன்றா?

நிழல்லேன்:
சண்டை இருக்கட்டும். ஜெல்பித்து, போட்டி மருந்தை ப்ரோபுக்கு முன்னால் போட்டீர்களா, சேர்த்தா? அது கரைந்துதான் இருந்ததா? அந்த அளவில் எங்களுடையது தட்டின் அடியில் ஊசி ஊசியாகப் படிந்து கிடந்தது.