ஆலையில் டேட்டா வந்த பிறகு என்ன மாறியது? அனுபவம் பகிருங்கள்

நூற்பாலை பராமரிப்பு, பல்லடம்:

எங்கள் மில்லில் ஒரு ரிங் பிரேமுக்கு (நூல் நூற்கும் மெஷின்) 1,200 ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்). முன்பு நூல் எங்கே அறுந்தது என்று பார்க்க சைடர் (அறுந்த நூலை இணைக்கும் தொழிலாளி) நடந்துகொண்டே இருக்க வேண்டும். இப்போது ஸ்பிண்டிலுக்கு ஒரு சென்சார். ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள ரிங்கில் நூலோடு ஓடும் சின்னக் கொக்கிதான் டிராவலர்; அதன் சுற்றுகளை சென்சார் எண்ணுகிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300. டிராவலர் நின்றால் நூல் அறுந்துவிட்டது, அந்த இடத்தில் விளக்கு எரியும்.

விளக்கைவிட எனக்குப் பிடித்தது, மெதுவாக ஓடும் ஸ்பிண்டிலைக் காட்டிக்கொடுப்பதுதான். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். மெதுவாக ஓடினால் யாருக்கும் தெரியாது. முறுக்கு குறைந்த நூல் துணியாகி, நூல் வாங்கிய பார்ட்டி போனில் கத்தும்போதுதான் விஷயம் வெளியே வரும். எங்கள் மெஷினில் நாலு ஸ்பிண்டிலைச் சுழற்ற ஒரு டேப் (பட்டை). பக்கத்துப் பக்கத்தில் நாலும் மெதுவானால் டேப் தளர்ந்திருக்கும். ஒன்று மட்டும் என்றால் அந்த ஸ்பிண்டிலின் எண்ணெயைப் பார்ப்பேன். ஷிப்ட் மாறியும் ஒரே இடத்தில் அறுந்தால் ரிங், டிராவலர், ஏப்ரன் (பஞ்சு இழையை இழுக்கும் பகுதியில் உள்ள பட்டை) என்று தேடுவேன். ஷெட் முழுக்க ஒரே நேரத்தில் அறுப்பு ஏறினால் மெஷினைத் தொடவே மாட்டேன், ஈரப்பதத்தைப் பார்க்கப் போய்விடுவேன். பழைய ஃபிட்டர்களுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் ஒரு மாதத்து அறுப்பை ஒரே பக்கத்தில் பார்க்க அவர்களுக்கு வழியில்லை.

ஒரு வருத்தமும் உண்டு. அதே திரையை வைத்து சைடர்களுக்கு ரேங்க் போட ஆரம்பித்தார்கள். மோசமான பிரேம் யாருக்கு வந்ததோ அவருக்குக் கடைசி இடம். தினமும் பிரேம் மாற்றச் சொல்லிச் சண்டை. மெஷினுக்கு ரேங்க் போடுங்கள், ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான் நிறுத்தினோம்.

சிஎன்சி ஷாப் (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷினில் உலோகம் கடைவது), ஓசூர்:

அண்ணா, அந்த ரேங்க் பயத்தில் எங்கள் டேட்டாவே கெட்டுப்போனது. மெஷின் நின்றால் டேப்லெட்டில் காரணம் அழுத்த வேண்டும். பட்டியலில் முதலில் இருந்தது ‘டூல் மாற்றம்’. எல்லோரும் அதையே அழுத்தினார்கள். ரிப்போர்ட்டை நம்பினால் நாங்கள் இன்சர்ட்டைச் (டூலில் மாட்டும் வெட்டுமுனை) சாப்பிடுகிறோம் என்றுதான் நினைக்கத் தோன்றும்! பிறகு கன்ட்ரோலரிலிருந்தே டூல் மாறிய நேரத்தை எடுத்தோம்.

அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு கன்ட்ரோலரின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டியது. எல்லாவற்றையும் சர்வர் நேரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், இன்சர்ட் தேயத் தேய ஸ்பிண்டில் (எங்களுக்கு இது, கடையும் பொருளான ஜாபைச் சுழற்றும் தண்டு) லோடு ஏறுவதும், ஜாபின் வெளிவிட்டம் கூடுவதும் ஒன்றோடொன்று பொருந்தின. அனலிட்டிக்ஸ் விற்க வருபவர்கள் இந்தக் கடிகார வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

டேட்டா டீம், ஸ்ரீபெரும்புதூர்:

நாங்களும் அந்த ஆட்கள்தான் சார், திட்டாதீர்கள். :-) எங்களுக்கு வந்த உத்தரவு, மோட்டார் அதிர்வு முழுவதையும் கிளவுடுக்கு அனுப்பச் சொல்லி. மூன்று அச்சு, ஒவ்வொன்றிலும் நொடிக்கு 10,000 அளவு. ஒரு மோட்டாருக்கே நாளைக்கு 259 கோடி எண்கள். இப்போது மெஷின் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டி அதிர்வெண்களைப் பிரித்து, பேரிங் சம்பந்தப்பட்ட சிலவற்றை மட்டும் அனுப்புகிறது. ஏதாவது விலகினால் மட்டும் முழு அலையையும் சேமிக்கும்.

இன்னொரு தலைவலி, மாடலுக்குப் பழுது என்றால் என்ன என்று காட்ட எங்களிடம் பழுதே இல்லை. ஒழுங்காகப் பராமரிக்கும் ஆலையில் பேரிங் எப்போதாவதுதான் போகும். அதனால் வழக்கமான ஓட்டத்தை மட்டும் கற்கவைத்து, அதிலிருந்து விலகினால் சொல்லச் சொன்னோம். ஆரம்பத்தில் ஃபோர்க்லிஃப்ட் போனாலே அலாரம் அடிக்கும்.

மில் அண்ணா, ஒரு சந்தேகம். டாஃப் (நூல் நிரம்பிய காப் என்ற குழல்களைக் கழற்றி வெறும் குழல் மாட்டுவது) முடிந்து ஸ்டார்ட் செய்யும்போது வரும் அறுப்பையும் கணக்கில் சேர்ப்பீர்களா?

நூற்பாலை பராமரிப்பு, பல்லடம்:

தனியாகத்தான் வைப்போம் தம்பி. தடித்த நூலில் காப் சீக்கிரம் நிரம்பும், டாஃப் அதிகம். சேர்த்தால் அந்தப் பிரேம்கள் எல்லாம் வீணாய்ப்போனது போலத் தெரியும்.