தோப்புக்கு மருந்தடிக்கப் பணம் அனுப்பும் முன்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாகக் குழுவில் இதே பேச்சுதான். "மட்டையெல்லாம் கறுத்துப் போச்சு, மருந்தடிக்கணும் என்று ஊரிலிருந்து பணம் கேட்கிறார்கள், அனுப்பலாமா?" பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு யோசனை சொல்லும் பயிர் ஆலோசகர்கள் சிலரிடம் பேசினேன். வெள்ளை ஈக்கு என்றால் அனுப்பவே வேண்டாம் என்கிறார்கள்.

இந்தச் சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்டது. ஓலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ்மட்டைகளில் பிசுபிசுவென்று படிந்து, அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். தோப்பே கருகியது போலத் தெரிந்தாலும் இதனால் மரம் பட்டுப்போவதில்லை. என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். மருந்தடித்தால் குளவியும் சேர்ந்து சாகும். அப்புறம் ஈயைக் கேட்க ஆளில்லை.

தோப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் கீழ்மட்டை ஒன்றை வெட்டி, ஓலையின் அடிப்புறத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளை மெழுகுச் சுருளுக்கு நடுவே ஈக்குஞ்சுகளின் கூடுகளில் வட்டமான சிறு ஓட்டைகள் தெரிந்தால், குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஏக்கருக்குப் பத்து மஞ்சள் ஒட்டுப்பொறி, விளக்கெண்ணெய் தடவி, ஆள் உயரத்தில் கட்டலாம். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக்கித் தெளித்தால், காய்ந்து செதில் செதிலாக உரிந்து விழும். குளவி வேண்டுமென்றால் ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

களைக்கொல்லியும் வேண்டாம் என்கிறார்கள். சணப்பு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் களையும் அடங்கும், மண்ணுக்கும் உரமாகும்.

அவர்கள் நிஜமாகவே பயப்படுவது கேரள வேர்வாடல் நோய்க்கு. ஓலைகள் துவண்டு விலா எலும்பு போல உள்நோக்கி வளையும், மட்டை மஞ்சளாகும், பாளை கருகும். இதற்கு மருந்தே கிடையாது. வேரில் மருந்து கட்டினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆண்டுக்குப் பத்துக் காய்கூடக் காய்க்காத நோய் மரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பக்கத்துத் தோப்புக்கும் போகும். அந்தக் குழியில் காசர்கோடு ஆராய்ச்சி நிலையத்தின் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற தாங்கும் ரகங்களை நடலாம். அப்பச்சி வைத்த மரத்தை வெட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் தெரியும். ஆனாலும் பணம் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள்.

யார் தோப்பிலாவது ஓலை இப்படி வளைந்திருந்தால், படத்தோடு எந்தப் பக்கத் தோப்பு, யார் பார்த்துக்கொள்கிறார் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி, ஆலோசகர் ஒருவரை ஒரே நடையில் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம்.