புருஷன் கையெழுத்து எந்தச் சட்டத்துல இருக்கு?

கருக்கலைப்புக்கு வர்ற பெண்கிட்ட ஆஸ்பத்திரியில என்னென்ன கேக்குறாங்க? அதுல சட்டம் கேக்குறது எது, ஆஸ்பத்திரியே சேர்த்துக்கிட்டது எது? உள்ளே வேலை பார்க்கிறவங்க எழுதுங்க.

கவுன்சிலர்:
ஓபி சீட்டு போடும்போதே "வீட்டுக்காரர் வரலையா?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. 18 வயசு முடிஞ்ச பெண்ணுக்கு வேண்டியது ஒரே கையெழுத்து, அவங்களோடது, கருக்கலைப்புக்கான சம்மதப் படிவமான படிவம் சி-யில. புருஷன், மாமியார், அப்பா யாரும் போட வேண்டியதில்லை. குடும்பத்தார் சம்மதம், கூடுதல் ஆவணம்னு டாக்டர்கள் கேக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றமே 2022 செப்டம்பர் 29 தீர்ப்புல சொல்லிடுச்சு. "படிவம் சி கொடுங்க"ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. மறுத்தா, காரணத்தை ஓபி சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்க. எழுதச் சொன்னதுமே பல பேர் குரல் இறங்கிடும்.

18க்குக் கீழன்னா பாதுகாவலர் கையெழுத்து வேணும். பெத்தவங்கதான் போடணும்னு இல்லை, பிள்ளையைப் பராமரிக்கிறவர் போதும். போக்சோ (சிறார் மேல பாலியல் குற்றங்களைத் தடுக்கிற சட்டம்) படி போலீசுக்குத் தகவல் போகும். ஆனா பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கிட்டா, டாக்டர் பிள்ளையோட பேரைச் சொல்லாம தகவல் கொடுக்கலாம். இதுவும் அதே தீர்ப்புதான்.

செவிலியர்:
பெரிய இடி வாரக் கணக்குல. கடைசியா வந்த மாதவிலக்கோட முதல் நாள்ல இருந்து எண்ணுவாங்க, உறவு வெச்ச நாள்ல இருந்து இல்லை. நாள் தள்ளிப்போய் பத்து நாள்ல வந்தாலே அஞ்சு வாரம் தாண்டியிருக்கும். அப்புறம் "ஸ்கேன் எடுத்துட்டு வா, ரத்தம் பாத்துட்டு வா, வீட்டுக்காரரோட வா". ஒவ்வொரு "வா"வுக்கும் ஒரு வாரம் போகுது. மாத்திரைக்கு 9 வாரம்தான் வரம்பு.

20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும். 20ல இருந்து 24 வரை ரெண்டு டாக்டர், அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க, சிறுமிகள், கர்ப்ப காலத்துல கணவரை இழந்தவங்க மாதிரி சில பிரிவுகளுக்குத்தான். அதுக்கு மேலன்னா, பெண்ணோட உயிரைக் காப்பாத்த உடனே கலைக்க வேண்டிய நிலைமை தவிர, கருவுல பெரிய குறைபாடு இருக்கணும், மருத்துவ வாரியம் 3 நாள்ல முடிவு சொல்லணும். குறை பாக்கிற ஸ்கேன் எடுக்கிறதே 18, 20 வாரத்துல.

"காப்பர் டி போட்டுக்கிட்டாத்தான் கலைப்போம்"ங்கிறதும் நடக்குது. சட்டத்துல அப்படி ஒரு வரி கிடையாது.

மருந்துக்கடை:
டாக்டர் சீட்டோட வந்தாலும் பல கடையில "ஸ்டாக் இல்லை"தான். டிரக் இன்ஸ்பெக்டர் கணக்கு கேப்பாரேங்கிற பயம். இந்தக் கெடுபிடிக்கு, பெண் சிசுவைக் காப்பாத்தணும்னு காரணம் சொல்லுவாங்க. 9 வாரத்துல ஸ்கேன்ல ஆணா பெண்ணான்னே தெரியாதே! பாலினம் பாக்கிறதைத் தடுக்க 1994லயே தனிச் சட்டம் இருக்கு. மாத்திரையைப் பூட்டி வெச்சா, யாரோ பொட்டலத்துல மடிச்சுக் கொடுக்கிறதை முழுங்குவாங்க.

மாத்திரை பாக்கெட்ல 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் 1, 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் 4 இருக்கும். முதல்ல மிஃபெப்ரிஸ்டோன், 24ல இருந்து 48 மணி நேரம் கழிச்சு மத்தது. ரெண்டையும் ஒண்ணா போட்டு சொதப்புறவங்க உண்டு. கரு குழாயில தங்கியிருந்தா மாத்திரை வேலை செய்யாது, அதுக்குத்தான் டாக்டர் பாக்கணும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பெரிய பேட் நனைஞ்சு, ரெண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தா உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பம் பாக்கிற கார்டு டெஸ்ட் கலைஞ்ச பிறகும் சில வாரம் பாசிட்டிவ்னே காட்டும், அதை வெச்சு திரும்ப மாத்திரை போடாதீங்க.

கவுன்சிலர்:
டாக்டர்களோட பயத்துக்கு வேர் வேற இடத்துல. பாரதிய நியாய சம்ஹிதாங்கிற தண்டனைச் சட்டத்தோட 88வது பிரிவுல கருக்கலைப்பு இன்னும் குற்றம், பெண் தானே கலைச்சுக்கிட்டாலும் சேர்த்து. 1971ல வந்த கருக்கலைப்புச் சட்டம் அதுல டாக்டருக்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். அதான் ஒரு பேப்பர் கூடுதலா கேட்டு வெச்சுக்கிறாங்க.