கொடைக்கு வானொலி: சர்வர் வீட்டிலா, வாடகைக்கா?

தோவாளைப்பூ:
எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிக் கொடைத் திருவிழாவில் மூன்று ராத்திரி வில்லுப்பாட்டு உண்டு. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் துபாய், தம்மாம், மஸ்கட் என்று கிடக்கிறார்கள். போன வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு போனைக் கட்டித் தொங்கவிட்டு வீடியோ கால் போட்டோம். கால் என்பது பேச்சுக்காகச் செய்தது, அது உடுக்கையையும் குடத்தையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டது. அங்கே இருந்தவர்களுக்குப் பாட்டை நடத்தும் புலவர் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டிருக்கிறது. இந்த முறை ஒழுங்காக ஒரு இணைய வானொலி வைக்கலாம் என்று முடிவு. கொடை முடிந்த பிறகும் பழைய பதிவுகளைப் போட்டு 24 மணி நேரமும் ஓடட்டும் என்று ஆசை.

கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், லினக்ஸ் போட்டிருக்கிறேன், ஒலியை இணையத்தில் அனுப்புகிற ஐஸ்காஸ்ட் மென்பொருளும் போட்டாயிற்று. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். வீட்டுக்குள் எந்தப் போனிலும் கேட்கிறது, தம்மாமில் இருக்கும் மச்சானுக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது. கேட்பவர்கள் அதிகம் போனால் 150 பேர். கமிட்டி வருஷத்துக்கு ஆறாயிரம் தரும். வீட்டிலேயே ஓட்டுவதா, வாடகைக்கு ஒரு சர்வர் எடுப்பதா?

தக்கலைக்காரன்:
வீட்டிலேயே ஓட்டுங்க அண்ணே, இதுக்கெல்லாம் எதுக்கு வாடகை. கணக்கைப் பாருங்க: ஒருவருக்கு 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்), 150 பேருக்கு 9,600 கேபிபிஎஸ், அதாவது பத்து எம்பிபிஎஸ்கூட ஆகவில்லை. உங்களிடம் நூறு இருக்கிறது. ஐஸ்காஸ்ட் ஒலியைச் சுருக்குவதோ மாற்றுவதோ கிடையாது, வருகிற பைட்டை அப்படியே நகல் எடுத்து ஆளாளுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். நான் ராஸ்பெர்ரி பையில் ஓட்டியிருக்கிறேன், சூடுகூட ஆகவில்லை. ரவுட்டரில் 8000 போர்ட்டை, அதாவது ஐஸ்காஸ்டுக்கான வாசலை, திறந்துவிட்டால் மச்சான் கேட்பார். நம்ம ஊர் சத்தம் நம்ம வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டுமே.

பார்வதிபுரம்:
தக்கலை அண்ணே சொன்ன பெருக்கல் சரி, ஆனால் கோளாறு வேறு இடத்தில். தோவாளைப்பூ, உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) எது என்று பாருங்கள். 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியில் இருந்து வருகிறவன் உங்கள் வாசலுக்கே வரமுடியாது, தெருமுனையிலேயே கதவு பூட்டியிருக்கிறது. நிலையான ஐபி வேண்டுமென்றால் மாசாமாசம் தனியாகக் காசு. அந்தக் காசுக்கு ஒரு சின்ன விபிஎஸ்ஸே (வாடகை சர்வர்) வந்துவிடும்.

தோவாளைப்பூ:
பார்த்தேன். 100.72 என்று தொடங்குகிறது.

தக்கலைக்காரன்:
அதனால் என்ன, புதிய வகை முகவரியான ஐபிவி6 இருக்குமே. அதற்கு இந்த முகவரிப் பங்கீடும் கிடையாது ஒன்றும் கிடையாது, நேரே லேப்டாப்புக்கே முகவரி. இல்லையென்றால் வெளியே ஒரு சர்வருக்கு டனல் (இணையத்துக்குள் ஒரு தனிக்குழாய்) போட்டு அங்கிருந்து வீட்டுக்குத் திருப்பிவிடலாம்.

பார்வதிபுரம்:
ஐபிவி6 நம்ம ஊர் மொபைலில் பெரும்பாலும் உண்டு, சரி. வளைகுடாவில் கம்பெனி கேம்ப் வைஃபையில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அது இல்லாவிட்டால்? அவனுக்காகத்தானே இவ்வளவும். டனலுக்கு நீங்கள் சொல்லும் அந்த "வெளியே ஒரு சர்வர்" சும்மா கிடைக்குமா? அதுவும் வாடகைதான். வாடகை சர்வர் எடுத்து, அதில் டனல் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி அதே சர்வர் வழியாக வெளியே அனுப்புவது, கோட்டாறு சந்தையில் சாமான் வாங்கி அதை ஒருதரம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மறுபடி கோட்டாறிலேயே விற்கிற மாதிரி. ஐஸ்காஸ்டை அந்த சர்வரிலேயே வைத்துவிடுங்களேன். கோயிலில் இருந்து ஒரே ஒரு 64 கேபிபிஎஸ் ஒலி ஓடை (ஸ்ட்ரீம்) மேலே போனால் போதும், 150 பேரையும் அது பார்த்துக்கொள்ளும்.

மாதம் 1 டிபி டேட்டா தருகிற விபிஎஸ் மாசம் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, கமிட்டிக் காசில் வருஷம் ஓடிவிடும். 64 கேபிபிஎஸ் என்றால் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்க 28.8 எம்பி. நூறு பேர் தினமும் மூன்று மணி நேரம் கேட்டாலும் மாதத்துக்கு 260 ஜிபியைத் தாண்டாது.

அருமனை:
இதைப் படிக்கும்போதே தலை சுத்துது. யூடியூபில் நேரலை போட்டால் முடிந்தது, சர்வரும் வேண்டாம் வாடகையும் வேண்டாம், 150 என்ன, ஐயாயிரம் பேர் பார்க்கலாம். ஆட்டம் பார்க்கவும் செய்யலாம், வெறும் சத்தத்துக்கா இவ்வளவு சண்டை?

தோவாளைப்பூ:
அதையும் யோசித்தோம் அண்ணே. கொடை ராத்திரி பத்து மணிக்குப் பாட்டு தொடங்கினால் துபாயில் எட்டரை, சவுதியில் ஏழரை. அந்த நேரம் பிள்ளைகள் சமையல் செய்துகொண்டோ துணி துவைத்துக்கொண்டோ இருப்பார்கள். போனை பாக்கெட்டில் போட்டுத் திரையை அணைத்துவிட்டுக் கேட்கத்தான் விரும்புகிறார்கள். யூடியூபில் காசு கட்டினால்தான் அது நடக்கும், வீடியோவுக்கு டேட்டாவும் பல மடங்கு. அப்புறம் பாட்டுக்கு இடையில் மைக்செட்காரர் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவார், அவர் கையை யார் பிடிப்பது? தானாகவே கண்டுபிடித்து நேரலையை நிறுத்திவிடுகிற ஏற்பாடு அங்கே உண்டு.

பார்வதிபுரம்:
உங்கள் சொந்த சர்வரில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதால் சினிமாப் பாட்டு போடலாம் என்று அர்த்தமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்ற பிரிவு வானொலிகளுக்குக் கட்டணம் கட்டிப் பாட்டுப் போட ஒரு வழி கொடுக்கிறது, ஆனால் 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் டிப்ஸ் என்ற இசைக் கம்பெனிக்கும் விங்க் என்ற பாட்டு ஆப்புக்கும் நடந்த வழக்கில் அது இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. வில்லுப்பாட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்குங்கள். கலைஞருக்கும் உரிமை உண்டு, அதிலும் நீங்கள் வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போடப் போகிறீர்கள். மைக்செட்காரர் போடுகிற நேரத்தில் ஓடையை மாற்றிவிடுங்கள், அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நீரோடி:
எல்லோரும் வானொலி வானொலி என்கிறீர்கள், இது வானொலியே இல்லை. நாகர்கோவில் வானொலி 1984 அக்டோபர் 30-இல் தொடங்கியது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம், பேட்டரி போட்ட பெட்டி இருந்தால் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காமல் கேட்கலாம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. அந்த நேரம் உங்கள் ஐஸ்காஸ்ட் என்ன செய்யும்? எங்கள் தம்பிமார் கடலில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

தக்கலைக்காரன்:
அண்ணே, தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகு நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளிப் போகிறது, அங்கே எஃப்எம்மும் எட்டாது. புயல் எச்சரிக்கைக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அவர் கேட்டது கொடைப் பாட்டு.

நீரோடி:
எட்டாது என்று எனக்கும் தெரியும் தம்பி. "நம்ம ஊர் சத்தம் நம்ம பெட்டியில்" என்று நீதான் பெரிய பேச்சு பேசினாய், அதற்குத்தான் சொன்னேன். கரண்ட் போனால் உன் பெட்டிதான் முதலில் வாயை மூடும்.

தக்கலைக்காரன்:
லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால் நாலு மணி நேரம் ஓடும். சரி, தெருவில் ஃபைபர் பெட்டிக்கே கரண்ட் போனால் ஒன்றும் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடகை சர்வருக்கும் கோயிலில் இருந்துதானே சத்தம் போகவேண்டும்? கோயிலில் இணைப்பு போனால் ரெண்டு பேருக்கும் ஒரே கதிதான். இதைப் பார்வதிபுரம் சொல்லாமல் நழுவுகிறார்.

பார்வதிபுரம்:
நழுவவில்லை, அங்கேதான் வருகிறேன், இதுதான் முக்கியமான இடமே. சர்வர் சாவது அபூர்வம். சாவது கோயில் பக்கத்து இணைப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழாவுக்கு நான் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்துதான் அனுப்பினேன். சாயங்காலம் சோதனை போட்டபோது கண்ணாடி மாதிரி ஓடியது. ராத்திரி பதினோரு மணிக்குக் கூட்டம் கூடியது, ஆயிரம் பேர் கையிலும் போன், எல்லோரும் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள், அந்த ஒரு டவர் என்ன செய்யும்? என் 64 கேபிபிஎஸ்ஸுக்குக்கூட வழி விடவில்லை. ஐஸ்காஸ்டுக்கு ஓடை வருவது நின்றதும் கேட்டுக்கொண்டிருந்த எல்லோரையும் கழற்றிவிட்டது. அப்புறம் கோயிலை ஒட்டிய வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி, அவர்கள் ரவுட்டரில் இருந்து அறுபது மீட்டர் லேன் கேபிளை மதில் மேல் இழுத்தோம் (நூறு மீட்டர் வரை தாங்கும்). அதோடு பிரச்சினை தீர்ந்தது.

எல்லோரும் கழன்றதற்குக் காரணம் என் தப்பு. ஃபால்பேக் மவுண்ட் வைத்திருக்க வேண்டும். மவுண்ட் என்பது ஐஸ்காஸ்டில் ஒரு ஓடையின் முகவரி, ஃபால்பேக் என்பது அந்த ஓடை அறுந்தால் போகவேண்டிய மாற்று. /கொடை என்று ஒரு மவுண்ட், /பதிவு என்று இன்னொன்று. /பதிவில் லிக்விட்சோப் என்ற மென்பொருள் பழைய பாட்டுகளை எந்நேரமும் ஓட்டிக்கொண்டிருக்கும். /கொடைக்கு ஃபால்பேக்காக /பதிவைக் காட்டி, ஃபால்பேக் ஓவர்ரைடை 1 என்று வைத்தால், கோயில் இணைப்பு அறுந்ததும் கேட்பவர்கள் தானாகப் பதிவுக்குப் போவார்கள், திரும்ப வந்ததும் தானாக நேரலைக்கு வருவார்கள், யாரும் எதையும் அழுத்தவேண்டாம். சினிமாப் பாட்டு நேரத்திலும் நீங்களே அனுப்புவதை நிறுத்தினால் போதும், அதே வழி. தக்கலை அண்ணே, இந்த /பதிவு வீட்டு லேப்டாப்பில் இருந்தால் ஊரில் கரண்ட் போகும்போது அதுவும் போய்விடும். நான் வாடகை என்று சொல்வதற்கு இதுதான் காரணம், பெருக்கல் கணக்கு இல்லை.

ஒன்று மறக்காதீர்கள்: இரண்டு மவுண்டும் ஒரே வகையாக, ஒரே சாம்பிள் வீதத்தில் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளப்பது) இருக்கவேண்டும். ஒன்று 48000, மற்றது 44100 என்று இருந்தால் சில பிளேயர்களில் மாறும்போது புலவர் குரல் கீச்சென்று ஓடும், சிலதில் நின்றே போகும்.

தக்கலைக்காரன்:
சரி, அந்தப் பதிவு விஷயம் நியாயம்தான். ஆனாலும் சோதனை எல்லாம் வீட்டு லேப்டாப்பிலேயே செய்து பழகிவிட்டு அப்புறம் வாடகைக்குப் போகட்டும், மாசத்துக் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது படிக்கவேண்டாம். ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் போடுங்கள், 48 கேபிபிஎஸ்ஸிலேயே எம்பி3-ஐத் தோற்கடிக்கும்.

பார்வதிபுரம்:
ஓபஸ் தரத்தில் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஐபோன் வைத்திருக்கிற மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார், அவர் உலாவியில் இந்த ஓபஸ் ஓடை ஓடாது, அவர் உங்களுக்குத்தான் போன் போடுவார், அதுவும் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது. எம்பி3 64 மோனோ எங்கேயும் ஓடும். குடமும் உடுக்கையும் கொஞ்சம் தட்டையாகக் கேட்கும், 96-க்கு ஏற்றினால் சரியாகும். அப்படி ஏற்றினாலும் மாதக் கணக்கு 1 டிபிக்குள் நிற்கும்.

அருமனை:
ஒரு சந்தேகம் மட்டும். இவ்வளவு செய்த பிறகு லிங்க்கை அமுக்கினால் கேட்குமா, இல்லை ஆப் இறக்கு, அதை இறக்கு, இதை இறக்கு என்பீர்களா?

பார்வதிபுரம்:
லிங்க் போதும். ஆனால் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸாக இருந்து ஓடை வெறும் எச்டிடிபியாக இருந்தால் உலாவி தடுத்துவிடும். ஐஸ்காஸ்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை வைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட் வழியாக விடவேண்டும், அதில் பஃபரிங்கை (சேர்த்துவைத்து அனுப்புவதை) அணைத்துவிடுங்கள். அதன் பிறகு ஐஸ்காஸ்ட் பட்டியலில் எல்லாக் கேட்பவரும் 127.0.0.1 (அந்த சர்வரே தன்னைக் குறிக்கும் முகவரி) என்று தெரிவார்கள், பயப்படவேண்டாம். இன்னொன்று, ஐஸ்காஸ்ட் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு 'ஹேக்மீ' என்றே கிடக்கும். அதை மாற்றாமல் விட்டு ஒருநாள் காலையில் என் மவுண்டில் எவனோ அவன் பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தான்.

தோவாளைப்பூ:
நேற்று ராத்திரி விபிஎஸ் எடுத்துப் போட்டுவிட்டேன், தக்கலை அண்ணே கோபிக்கவேண்டாம், வீட்டு லேப்டாப் இப்போது பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறது. மிக்சரின் ரெக்கார்ட் அவுட்டில் இருந்து ஆர்சிஏ கேபிள் எடுத்து யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக 'பட்' என்ற ஒலிபரப்பு மென்பொருளில் அனுப்பிப் பார்த்தேன். போன வருஷப் பதிவு ஒன்றைத்தான் மிக்சரில் ஓட்டினேன். மச்சான் கேட்டான். லேப்டாப் சார்ஜரைச் செருகினால் மட்டும் அடியில் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

தக்கலைக்காரன்:
கோபமெல்லாம் இல்லை மக்கா. அது கிரவுண்ட் லூப், இரண்டு கருவியின் எர்த்தும் வளையமாகச் சேர்வதால் வருகிற இரைச்சல். மிக்சரும் லேப்டாப்பும் ஒரே பிளக் பாயின்டில் இருக்கட்டும், போகாவிட்டால் நடுவில் ஒரு ஐசொலேட்டர் (மின்தொடர்பை அறுத்துச் சத்தத்தை மட்டும் விடுவது). நானும் இப்போது கேட்டேன். குடம் அடிக்கும் இடத்தில் எல்லாம் சத்தம் கிழிகிறது, மீட்டர் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வை.

நீரோடி:
எனக்கும் கேட்கிறது. எந்த ராத்திரி எந்தக் கதை என்று மேலே எழுதிப் போடு.