குடும்பக் குழு: தேக்கு அலமாரிக்குப் பெயிண்டா, ஸ்டெயினா?

ஞாயிறு

கும்பகோணம் அக்கா (காலை 9:12): படம் பார்த்தீர்களா? தஞ்சாவூரில் பழைய மரச்சாமான் விற்பவரிடம் வாங்கினோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போடுகிற குட்டை அலமாரி. மேலே இழுப்பறைகள், கீழே இரண்டு கதவுகள். உடம்பு முழுக்கப் பச்சை எனாமல். மேல்பலகை மட்டும் கறுத்துப்போன பாலிஷ். எல்லாவற்றையும் வெள்ளையாக அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

திருவாரூர் சித்தி (9:20): அடித்துவிடு கண்ணு. முற்றத்துக்கு மேல் கூரை போட்டதிலிருந்து உங்கள் கூடம் இருண்டு கிடக்கிறது. வெள்ளை வந்தால் வெளிச்சம் வரும்.

மயிலாடுதுறை மாமா (9:31): கொஞ்சம் பொறும்மா. மேல்பலகையின் அடிப்பக்கத்தையும் கதவின் விளிம்பையும் படம் எடுத்து அனுப்பு. அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். மரம் தன் சொந்த நிறத்தில் இருக்கும்.

கும்பகோணம் அக்கா (9:44): [படம்] [படம்] கதவு விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிகிறது மாமா.

மயிலாடுதுறை மாமா (9:58): கதவு பிளைவுட். அதற்கு நீ விரும்பிய நிறத்தைத் தாராளமாக அடி. மேல்பலகை முழுத் தேக்கு. மேலே ஓடும் ரேகை வெட்டுமுனை வழியாக அடிப்பக்கம் வரை தொடர்கிறது பார், ஒட்டுத்தகடு என்றால் அப்படித் தொடராது. இந்த அகலத்தில் இப்படி ஒரு தேக்குப் பலகையை இன்று மரக்கடையில் கேட்டால் விலையைக் கேட்டே திரும்பிவிடுவாய். அதை வெள்ளைக்குள் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

திருவாரூர் சித்தி (10:05): மனம் சரி அண்ணா, வேலை? இவள் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு, சின்னவளையும் பார்த்துக்கொண்டு, பாலிஷை எல்லாம் சுரண்டிக்கொண்டிருக்க முடியுமா? பெயிண்ட் என்றால் இரண்டு பூச்சில் முடிந்துவிடும்.

மயிலாடுதுறை மாமா (10:19): நீ சொல்வதில் பாதி நியாயம். பெயிண்ட் மேலே உட்கார்வது. அடியில் இருக்கும் பழைய எனாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் உரிக்கவே வேண்டாம். பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்துப் பிரைமர் அடித்தால் போதும். ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கும் சாயம். பாலிஷ் துளி மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே வெறும் மரம் வரை போகவேண்டிய இடம் மேல்பலகை ஒன்றுதான். பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் நனைத்து ஒரு மூலையில் வைத்துப் பார். பாலிஷ் பிசுபிசுத்தால் அது அரக்கு. ஸ்பிரிட்டாலேயே துடைத்து எடுத்துவிடலாம், சுரண்ட வேண்டியதில்லை.

தம்பி (10:24): என்னிடம் மரம் தேய்க்கிற சாண்டர் மெஷின் இருக்கிறது அக்கா. அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன். பச்சை முழுவதையும் ஒரே காலையில் எடுத்துவிடலாம்.

மயிலாடுதுறை மாமா (10:26): வேண்டாம். பச்சையில் மெஷினை வைக்காதே.

மயிலாடுதுறை மாமா (10:33): காரணம் சொல்கிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பச்சை அதற்கு எவ்வளவோ முந்தியது. மெஷின் அதை மாவாக்கிக் கூடம் முழுக்கப் பரப்பும்; தரையில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுப்பது. கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்து, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துக் கையால் தேய்க்க வேண்டும். முகமூடி போட்டுக்கொள். ஈரத்துணியால் துடைத்து, அந்தச் சேற்றைப் பழைய செய்தித்தாளோடு கட்டிக் குப்பையில் போடு. பெருக்கக்கூடாது. அதுவரை சின்னவள் உன் மாமியாரோடு இருக்கட்டும்.

கும்பகோணம் அக்கா (10:41): அத்தையிடம் சொல்லிவிட்டேன். மாமா, ஒரு காலில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். தட்டினால் மாவு போல் கொட்டுகிறது.

மயிலாடுதுறை மாமா (10:47): உளு. காலுக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து வை. காலையில் புது மாவு கிடந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. ஊசிக்குழலால் ஒவ்வோர் ஓட்டையிலும் மருந்து செலுத்தி, அது காய்ந்து, மாவு கொட்டுவது நின்ற பிறகே மற்றதெல்லாம்.

திங்கள்

கும்பகோணம் அக்கா (காலை 7:05): தாளில் மாவு இருக்கிறது. மருந்து வாங்கச் சொல்லிவிட்டேன். ஸ்பிரிட்டும் வைத்துப் பார்த்தேன், பஞ்சு ஒட்டிக்கொண்டது. துடைத்த இடத்தில் தேன் நிறத்தில் மரம்! முடிவு செய்துவிட்டேன்: மேலே ஸ்டெயின், கீழே வெள்ளை.

திருவாரூர் சித்தி (7:18): படத்தைப் பார்த்த பிறகு நானும் சம்மதிக்கிறேன். ஆனால் சுத்த வெள்ளை அந்த மரத்தோடு வெட்டும், கண்ணு. சந்தன வெள்ளையாக எடு.

மயிலாடுதுறை மாமா (7:40): சித்தி சொல்வதைக் கேள், நிறத்தில் அவளுக்கு நல்ல கண். எண்ணெய் எனாமல் வாங்காதே, இருட்டு அறையில் வெள்ளை மஞ்சளித்துவிடும். நீர் எனாமல் எடு. பச்சை உரிந்து மரம் தெரியும் இடங்களில் மட்டும் முதலில் அரக்கு ஒரு கை தடவு; இல்லையென்றால் மரத்தின் பழுப்பு வெள்ளைக்கு மேல் ஊறிவரும்.

தம்பி (7:52): மேல்பலகைக்கு எந்த உப்புத்தாள் மாமா?

மயிலாடுதுறை மாமா (8:06): 120 நம்பர், பிறகு அதைவிட நைசான 180. ரேகை ஓடும் திசையில் மட்டும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஸ்டெயினை மரம் குடிக்காது. தேக்கில் எண்ணெய் உண்டு, தின்னரால் ஒருமுறை துடைத்துவிடு. ஸ்டெயினை முதலில் அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்து நிறம் பிடித்தால்தான் மேலே. தடவிய சில நிமிடங்களில் மிச்சத்தைத் துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுவென்றே கிடக்கும்.

அந்தத் துணி முக்கியம். எண்ணெய் ஸ்டெயின் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். உன் கொல்லையில் வைக்கோல்போர் இருக்கிறது. தண்ணீரில் முக்கி, தனியாக விரித்துக் காயப்போடு.

கும்பகோணம் அக்கா (8:15): மேல்பூச்சு அரக்கேதானா?

மயிலாடுதுறை மாமா (8:22): அழகுக்கு அரக்குதான். ஆனால் உன் வீட்டில் காபி டபராவும் சாதக்குண்டானும் அதன்மேல்தான் வந்து உட்காரும். சூடு பட்டால் அரக்கில் வெள்ளை வளையம் விழும். பாலியூரிதேன் வார்னிஷ் அடி, மெல்லிதாக மூன்று கை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடு, ஈரக்காற்றில் எதுவும் ஒழுங்காகக் காயாது. இப்போது ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. தேய்ப்பதைத் தாழ்வாரத்தில் செய், பூசுவதை மட்டும் ரேழியில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, கொல்லைப்புற ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்.

தம்பி (8:30): சனிக்கிழமை உப்புத்தாள், வாட்டர் பேப்பர், முகமூடி எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறேன். மெஷினை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

மயிலாடுதுறை மாமா (8:34): மெஷினையும் எடுத்து வா, மேல்பலகைக்கு ஆகும். நானும் காலை ரயிலில் வந்துவிடுகிறேன்.