பேட்டன் ரூஜ் முதல் ஒமாஹா வரை: 2023 எல்எஸ்யூ பேஸ்பால் சீசனை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரையோரக் கொக்கு:

2023 தொடக்கத்தில் நான், எல்எஸ்யூ என்கிற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிற பேட்டன் ரூஜில், முனைவர் பட்டத்தின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஆய்வேடு நகர மறுத்தது. பக்கத்து அறை நண்பன் காய்ச்சல் என்று சொல்லித் தன் டிக்கெட்டை என் தலையில் கட்டினான். பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை, எல்எஸ்யூவின் ஆலெக்ஸ் பாக்ஸ் மைதானம். வெஸ்டர்ன் மிச்சிகனுடன் சீசனின் முதல் ஆட்டம். அதுவரை பேஸ்பால் என்றால் எனக்கு டிவியில் சேனல் மாற்றும்போது ஒரு நொடி தெரிகிற பச்சைப் புல், அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் ஸ்கோர் நோட்டு, காதில் பென்சில். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை 'மேம்' என்று கூப்பிடாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். அதனால் நானும் மேம் என்றே கூப்பிட்டேன். நான் தப்பான இடத்தில் கைதட்டியதை இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது முறை நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துப் பாடம் தொடங்கிவிட்டார்.

களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு எண். பந்து வீசுகிற பிட்ச்சர் 1, பேட்டருக்குப் பின்னால் இருந்து அதைப் பிடிக்கிற கேட்சர் 2, அடித்ததும் பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடமான ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறவர் 3, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் 6, இப்படி. நோட்டில் '6-3' என்று இருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார், பேட்டர் அவுட். மூன்று முறை பந்தைத் தவறவிட்டுப் பேட்டர் அவுட்டாவது ஸ்ட்ரைக் அவுட், அதற்கு ஆங்கில 'கே' எழுத்து. பேட்டர் மட்டையைச் சுழற்றிக் கோட்டைவிட்டால் நேர் கே. சுழற்றாமல் நின்று வேடிக்கை பார்த்தே அவுட்டானால், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்ட கே. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒருவன் எப்படித் தோற்றான் என்பதைக்கூட ஒரு எழுத்தில் எழுதிவிடலாம்!

அன்றைய பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸ். ஆறடி ஆறு அங்குலம். விமானப்படை அகாடமியில் இரண்டு வருடம் பிட்ச்சராகவும் கேட்சராகவும் இருந்தவர். அங்கே மூன்றாம் வருடம் தொடங்கிவிட்டால் ராணுவப் பணிக்குக் கட்டுப்பட வேண்டும். அதற்கு முன்பே எல்எஸ்யூவுக்கு மாறி வந்துவிட்டார். ஸ்கோர்போர்டில் வேகம் மணிக்கு 100 மைல் என்று காட்டும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து ஒரு 'ஊ' கிளம்பும். அவர் வீசிய வரை எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. அம்மாவின் பக்கம் கே எழுத்துகளால் நிறைந்தது.

கல்லூரி பேஸ்பாலின் வாரக்கணக்கு அன்றுதான் புரிந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு ஆட்டம். அணியின் முதல்தரப் பிட்ச்சர் வெள்ளிக்கிழமைக்கு. அப்புறம் அடுத்த வெள்ளி வரை அவர் தோளுக்கு ஓய்வு. ஆக, ஊரே வெள்ளிக்கிழமையைப் பார்த்துக்கொண்டு ஆறு நாளைத் தள்ளும். நானும் தள்ளினேன். ஆய்வேடு ஏன் தாமதமானது என்று என் வழிகாட்டி இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒவ்வொரு வெள்ளியும் அம்மா நோட்டின் மேல் மூலையில் ஸ்கீன்ஸின் மொத்த ஸ்ட்ரைக் அவுட்டை எழுதுவார். அதன் கீழே 202 என்று ஓர் எண் மாறாமல் இருக்கும். 1989இல் பென் மெக்டொனால்ட் எல்எஸ்யூவுக்காக வீசியபோது எடுத்தது. எஸ்இசி என்கிற அந்தத் தென்பகுதிக் கல்லூரிக் கூட்டமைப்பில் ஒரு சீசனுக்கு அதுதான் சாதனை. அப்போது பழைய ஆலெக்ஸ் பாக்ஸ் மைதானம், இப்போதைய மைதானம் 2009இல் திறந்தது. மெக்டொனால்டை அம்மா நேரில் பார்த்திருக்கிறார். அந்த எண்ணை யாராவது தாண்டுவதில் அவருக்கு ஆசையா வருத்தமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஒரு சிறு விஷயம். ஏப்ரலில் மைதானத்துக்கு வெளியே இறால் மாதிரியான க்ராஃபிஷ் வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. சைவம் என்றேன். ஒரு நொடி திகைத்தார்கள். பிறகு மிகுந்த அன்போடு அதே அண்டாவிலிருந்து சோளத்தையும் உருளைக்கிழங்கையும் எடுத்துத் தட்டு நிறைய வைத்தார்கள். சாப்பிட்டேன். ஊரில் இருக்கிற என் சொந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

சீசனின் கடைசிக் கட்டம் நடக்கிற ஒமாஹாவுக்கு என்னால் போக முடியவில்லை. போனவர்கள் எழுதுங்கள்.

ஒமாஹா அம்மணி:

நான் எழுதுகிறேன், தம்பி. பதினைந்து வருடமாக இந்த ஊர். கல்லூரி பேஸ்பாலின் தேசியப் பட்டத்துக்கான தொடர், காலேஜ் வேர்ல்ட் சீரிஸ், 1950இலிருந்து இங்கேதான். 2010 வரை ரோசன்பிளாட் மைதானம், அடுத்த வருடத்திலிருந்து நகரத்தின் நடுவில் புது மைதானம். நாடு முழுக்க 64 அணிகள் கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகி, எட்டாகக் குறைந்து ஜூன் நடுவில் இங்கே வந்து இறங்கும்.

எங்களுக்கு எந்த அணியும் சொந்தமில்லை. அதனால் எல்லா அணியும் சொந்தம். என் பையன் ஒவ்வொரு வருடமும் மைதானத்துக்கு வெளியே முதலில் யார் தொப்பியைப் பார்க்கிறானோ அந்த அணிக்குக் கத்துவான். 2023இல் அவன் கண்ணில் பட்டதெல்லாம் ஊதாவும் பொன்னிறமும்தான். லூசியானாவிலிருந்து அவ்வளவு பேர். வண்டியோடு சமையலறையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

மைதானத்துக்கு எதிரே ராக்கோஸ் என்று ஒரு பீட்ஸா கடை. ஜெல்லியில் மது கலந்து சின்னக் கப்பில் விற்பார்கள். எந்த அணியின் ரசிகர்கள் எத்தனை வாங்கினார்கள் என்று பலகையில் எண்ணிக்கை ஏறும். முந்தின வருடம் மிசிசிப்பிக்காரர்கள் 18,777 வாங்கியதையே நாங்கள் வாயைப் பிளந்து பேசிக்கொண்டிருந்தோம். எல்எஸ்யூ ரசிகர்கள் 68,888இல் போய் நிறுத்தினார்கள். அச்சுப்பிழை இல்லை. காசில் ஒரு பங்கு உணவு வங்கிகளுக்குப் போகிறது என்பதால் எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து "தர்ம காரியம்" என்றார். அவர் எத்தனை தர்மம் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். இந்தப் புது மைதானத்தில் காற்று பல நாள் பேட்டரின் முகத்துக்கு நேரே வீசும். 2013இலும் 2014இலும் மொத்தத் தொடருக்கும், பந்து வேலியைத் தாண்டிப் போகிற ஹோம் ரன் மூன்றே மூன்று. அலுமினிய மட்டையில் 'டிங்' என்று சத்தம் கேட்கும், எல்லோரும் எழுந்து நிற்போம், பந்து சாவகாசமாக ஒரு கையுறைக்குள் போய் விழும். 2015இலிருந்து தையல் தாழ்ந்த பந்து கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் கொஞ்சம் பறக்கிறது. எதற்குச் சொல்கிறேன் என்றால், எல்எஸ்யூவும் வேக் ஃபாரஸ்ட்டும் மோதிய வியாழக்கிழமை ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸையும் தாண்டி, பத்து முடிந்தும் 0-0 என்று நின்றபோது வெளியூர்க்காரர்கள் நகம் கடித்தார்கள். நாங்கள் பழைய நினைப்பில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பைன்மரம்:

அந்த வியாழக்கிழமை நகம் கடித்தவர்களில் நானும் ஒருவன். நான் வின்ஸ்டன்-சேலம். எங்கள் அணி வேக் ஃபாரஸ்ட். நாட்டின் முதல் இடம் எங்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். சின்னப் பல்கலைக்கழகம். 1955இல் ஒரே ஒரு முறை பட்டம் வென்றது. அதற்குப் பிறகு ஒமாஹா பக்கம் வந்ததே 2023இல்தான். அறுபத்தெட்டு வருடம்! கன்சாஸ் சிட்டி வரை விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் மூன்று மணி நேரம். கூட வந்த அலுவலக நண்பரின் அப்பாகூட 1955 சமயத்தில் சிறுவன்.

விதி இப்படி: இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. எல்எஸ்யூவை நாங்கள் திங்கட்கிழமை 3-2 என்று வென்றுவிட்டோம். எனவே அவர்கள் எங்களை இரண்டு முறை அடிக்க வேண்டும், எங்களுக்கு ஒரு வெற்றி போதும். புதன்கிழமை 5-2 என்று தோற்றோம். சரி, இன்னும் ஒன்று இருக்கிறது. ஜூன் 22, வியாழன். அவர்களுக்கு ஸ்கீன்ஸ். எங்களுக்கு ரெட் லௌடர், அந்த சீசனில் 15 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை.

நான் பார்த்த ஆட்டங்களிலேயே அதுதான் சிறந்தது. தோற்றவன் சொல்கிறேன், நம்பலாம். லௌடர் ஏழு இன்னிங்ஸ், மூன்றே ஹிட், அதாவது எதிரணி அடித்து பேஸைச் சேர்ந்தது மூன்றே முறை. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ், இரண்டே ஹிட், 120 பந்து. ரன் இல்லை, ரன் இல்லை, ரன் இல்லை. என் வரிசையில் யாரும் பேசவில்லை. பின்னால் எல்எஸ்யூ சட்டை போட்ட ஒரு பெரியவர் இன்னிங்ஸ் முடியும்போதெல்லாம் என் தோளில் தட்டி, "நம்ம பையன்கள் ரெண்டு பேரும் நல்லா வீசுறாங்க" என்பதுபோல் தலையாட்டுவார். எதிரணி ஆள் நம்ம பையன்கள் என்கிறாரே என்று முதலில் எரிச்சல் வந்தது. ஆறாவது இன்னிங்ஸில் நானும் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன்.

எட்டாவது இன்னிங்ஸ். எங்கள் ஆள் தேர்ட் பேஸில், அங்கிருந்து ஓடி கேட்சர் நிற்கும் இடத்தைத் தொட்டால் ரன். மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி உருட்டினார்கள், அதுதான் பன்ட். பந்து உருண்டது, எங்கள் ஆள் ஓடிவருகிறார். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஃபர்ஸ்ட் பேஸில் இருந்த ட்ரே மார்கன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, பந்தை எடுத்து, அதே வேகத்தில் கேட்சருக்குத் தள்ளிவிட்டார். அவுட். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதும் தூக்கம் வராத இரவுகளில் அந்தப் பந்து உருண்டுகொண்டிருக்கிறது.

பதினோராவது இன்னிங்ஸில் எல்எஸ்யூவின் டிலன் க்ரூஸ் ஒரு ஹிட் அடித்து பேஸுக்குப் போனார். அடுத்து டாமி வைட். புதிதாக வந்த எங்கள் பிட்ச்சரின் முதல் பந்து. 'டிங்'. 2-0, ஆட்டம் முடிந்தது. அம்மணி சொன்ன காற்று அன்று மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. பின்னால் இருந்த பெரியவர் குதிக்கவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

முதலைக்குட்டி:

கெய்ன்ஸ்வில்லிலிருந்து வணக்கம். பைன்மரம் அண்ணா, உங்கள் சோகத்துக்கு என் கதை மருந்து. இறுதிச்சுற்றில் எல்எஸ்யூவுக்கு எதிரே எங்கள் ஃபுளோரிடா, மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால் பட்டம். ஃபுளோரிடாவுக்காக நான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மைதானத்தில். சனிக்கிழமை எல்எஸ்யூவின் டை ஃபிளாய்ட் எட்டு இன்னிங்ஸில் 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஸ்கீன்ஸ் ஓய்வில் இருக்கிறார், தப்பித்தோம் என்று நினைத்த எங்களுக்கு இது எங்கிருந்து வந்தது? பதினோராவது இன்னிங்ஸில் அவர்களின் கேட் பெலோசோ ஹோம் ரன், 4-3 என்று தோற்றோம். மறுபடியும் பதினொன்று!

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அடித்தோம். 24-4. காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் எந்த அணியும் அத்தனை ரன் எடுத்ததில்லை. தெரியாத ஆட்களை எல்லாம் கட்டிப்பிடித்தேன். நாளைக்குப் பட்டம் நமக்குத்தான் என்று விமான நிலையம் வரை பேசிக்கொண்டே போனோம். லீவு தீர்ந்துவிட்டதால் திங்கட்கிழமை ஆபீஸ்.

திங்கள் 18-4. எல்எஸ்யூவுக்கு. அவர்களுக்கு ஏழாவது பட்டம். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதியில் போனையும் அணைத்துவிட்டேன். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளில் எங்கள் கணக்கைப் பார்த்தால் எடுத்தது 28, கொடுத்தது 22. கணக்கில் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று மனைவியிடம் வாதாடினேன். அவர் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அரைக்கிளாஸ் டீ:

எல்லோரும் பெரிய பெயர்களாகச் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் கீழே இருந்து சொல்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், அதே காலகட்டத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடத்துக்கு டி.ஏ.வாக, அதாவது கற்பித்தல் உதவியாளராக, இருந்தேன். என் வகுப்பில் பேஸ்பால் அணிப் பையன் ஒருவன். களத்தில் இறங்க வாய்ப்பு வராமல் பெஞ்சில் உட்காருகிறவன். அப்போதெல்லாம் ஒரு அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. அதைப் பிளந்து பல பேருக்குக் கொடுப்பார்கள். இவனுக்குக் கிடைத்தது கால்பங்கு. மீதிக்குக் கடன்.

செவ்வாய்க்கிழமையும் ஓர் ஆட்டம் இருக்கும். பேருந்தில் இரவெல்லாம் வந்து, புதன் காலை எட்டு மணிக்கு முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் நிகழ்தகவு நடத்தும்போது, தன் வயதுப் பையன்களில் எத்தனை பேர் தொழில்முறைக்குப் போக முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன். "நானும் அதேதான் போட்டு வச்சிருக்கேன்" என்று சிரித்தான். பாடத்தில் நல்ல மதிப்பெண்தான். இப்போது ஏதோ காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறானாம்.

2023 ஜூலையில் டிராஃப்ட் நடந்தது, தொழில்முறை அணிகள் வரிசையாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி. ஸ்கீன்ஸ் முதல் ஆள், பிட்ஸ்பர்க். க்ரூஸ் இரண்டாவது, வாஷிங்டன். ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு இடம் அதற்கு முன் நடந்ததில்லை. ஸ்கீன்ஸுக்குக் கையெழுத்துப் பணம் மட்டும் 92 லட்சம் டாலர். எனக்கு உடனே அந்தக் கால்பங்குதான் நினைவுக்கு வந்தது.

கரையோரக் கொக்கு:

அண்ணா, டிராஃப்ட் என்றதும் ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்த வாரம் மேம் வீட்டுக்குப் போனேன். ஊரைக் காலி செய்யும் முன் சொல்லிவிட்டு வரலாம் என்று. ஐஸ் டீ கொடுத்து, கேட்காமலே நோட்டை எடுத்து வந்தார். ஒமாஹா ஆட்டங்களையும் டிவி பார்த்து எழுதியிருந்தார்.

வியாழக்கிழமைப் பக்கம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 120 புள்ளி. "இத்தனை வீச வைக்கலாமா, அந்தப் பிள்ளையின் தோள் என்ன ஆகும்" என்று கோச் மேல் அவருக்கு இன்னமும் கோபம். மேல் மூலையில் 209. அதன் கீழே 202 அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பைன்மரம் சொன்ன அந்தப் பன்ட் எட்டாவது கட்டத்தில் '3-2' என்று இருந்தது. ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து கேட்சருக்கு. அந்தச் சின்ன எண்ணைச் சுற்றிப் பென்சிலால் அழுத்தி ஒரு வட்டம், தாளே கிழிகிற அளவுக்கு.

பக்கத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமை இறுதி ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. மீதிக் கட்டங்கள் எல்லாம் வெறுமை. என்ன மேம், பட்டம் ஜெயித்த ஆட்டமாயிற்றே என்றேன்.

"பத்து ரன் வித்தியாசம் வந்ததும் தூங்கிவிட்டேன்" என்றார்.