கலை, பண்பாட்டு முகாமைத்துவம் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். சர்வதேச கலை, பண்பாட்டு முகாமைத்துவத்தில் முதுமாணி செய்ய ஆசை. நான் மேடையேறுவதில்லை. மண்டபம் பிடிப்பது, அனுசரணை தேடுவது, மூன்று மொழியிலும் அழைப்பிதழ் அடிப்பது, மட்டக்களப்பில் இருந்து கூத்துக் குழு வந்தால் மத்தளமும் கிரீடமும் உடையாமல் பஸ்ஸை விட்டு இறங்கும் வரை கூடவே நிற்பது, இதெல்லாம்தான் என் வேலை. நல்ல கலைஞர்கள் பயணச் செலவுக்கே அல்லாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதை முறையாகப் படிக்க வேண்டும்.

பிரித்தானிய அரசின் செவனிங் (Chevening) புலமைப்பரிசிலுக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். தொண்டு வேலையும் சேரும், சரி. ஆனால் என்னிடம் நியமனக் கடிதம் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட வேலையை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டினீர்கள்? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் பரிந்துரை தந்தால் எடுபடுமா?

அப்புறம், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இந்தத் துறையைப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: நிதி திரட்டல், பதிப்புரிமை எல்லாம் செய்முறையாகச் சொல்லித் தருவார்களா, கோட்பாடுதான் கூடவா? கொழும்பில் இருந்தால் நேரிலும் வந்து சந்திப்பேன்.